மேக் ஹெட்வே: தடையை மீறி முன்னேறும்போது சொல்லும் சொல்

ஆங்கிலப் பத்திரிகையிலும் அலுவலக மின்னஞ்சலிலும் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ‘மேக் ஹெட்வே’. அகராதியைப் புரட்டினால் ‘முன்னேறு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பொருள் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி எழுத ஆரம்பித்தால் பல இடங்களில் சொல் ஒட்டாமல் நிற்கும்.

‘பையன் படிப்பில் நன்றாக முன்னேறுகிறான்’ என்கிறோம். ‘மூன்று மாதமாக இழுபறியாக இருந்த பேச்சு இப்போதுதான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது’ என்றும் சொல்கிறோம். இரண்டும் முன்னேற்றம்தான். முதலாவதற்கு ‘ப்ராக்ரஸ்’ போதும். இரண்டாவதற்குத்தான் ‘ஹெட்வே’ கச்சிதம். அங்கே ஏதோ ஒன்று எதிர்த்து நிற்கிறது. அதை மீறித்தான் வேலை நகர்கிறது.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: எழுதும் முன் ‘எது தடுக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் ‘ஹெட்வே’. பதில் இல்லையென்றால் ‘ப்ராக்ரஸ்’.

கடலில் பிறந்த பொருள்

இந்தப் பொருளில் ‘ஹெட்வே’ கப்பல்காரர்களின் சொல். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் புழங்குகிறது. கப்பல் முன்னோக்கி நகர்ந்தால் ஹெட்வே. காற்றடித்துப் பக்கவாட்டில் ஒதுங்கினால் லீவே. பின்னோக்கிப் போனால் ஸ்டெர்ன்வே. மூன்றும் ஒரு குடும்பம்.

பாய்மரக் கப்பல் எதிர்க்காற்றை நோக்கி நேராகப் போக முடியாது. சதுரப் பாய் கட்டிய பழைய பெரிய கப்பல்கள் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 டிகிரி விலகியே ஓட முடிந்தது. ஆகவே ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, திரும்பி, மறுபக்கம் சாய்ந்து ஓடி, வளைந்து வளைந்துதான் முன்னே போவார்கள். நாள் முழுக்க ஓடியும் சேர வேண்டிய திசையில் சில மைல்தான் மிஞ்சும். பலத்த காற்றில் அதுவும் மிஞ்சாது.

இதற்குப் பேர்போன உதாரணம் ‘பவுண்டி’ என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல். தாஹித்தித் தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளில் சேர்க்க வேண்டும். அங்கே தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு மலிவான உணவு ஆகட்டும் என்பது திட்டம். லெப்டினன்ட் வில்லியம் பிளை தலைமையில் 1787 டிசம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டிலிருந்து கப்பல் கிளம்பியது. தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்னைச் சுற்றிப் பசிபிக் கடலுக்குள் நுழைவதாக ஏற்பாடு.

1788 மார்ச் கடைசியில் அந்தப் பகுதியை எட்டியபோது பருவம் தப்பிவிட்டிருந்தது. கப்பல் மேற்கே போக வேண்டும். அங்கே காற்றோ மேற்கிலிருந்துதான் அடிக்கும். கடும் குளிரிலும் புயலிலும் ஒரு மாத அளவு முட்டி மோதினார்கள். ஒரு நாள் பிடித்த தூரத்தை மறுநாள் காற்று பிடுங்கிக்கொண்டது. கடைசியில் ஏப்ரல் 22 அன்று பிளை கப்பலைக் கிழக்கே திருப்பினார். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வழியாக உலகத்தை மறுபக்கமாகச் சுற்றி, அக்டோபர் 26 அன்றுதான் தாஹித்தி போய்ச் சேர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் ஒரே வரியில் இப்படிச் சொல்லலாம்:

*தி பவுண்டி குட் மேக் நோ ஹெட்வே அகெய்ன்ஸ்ட் தி வெஸ்டர்லி விண்ட்ஸ்.*
மேலைக்காற்றை எதிர்த்து பவுண்டியால் முன்னேறவே முடியவில்லை.

அந்த ஒரு மாதமும் மாலுமிகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ராப்பகலாகப் பாயை இறக்கினார்கள், ஏற்றினார்கள். உழைப்பு இருந்தது, தூரம் கிடைக்கவில்லை. ‘நோ ஹெட்வே’ என்பதன் உட்பொருள் இதுதான். ‘வேலை செய்யவில்லை’ என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை; ‘முயன்றோம், தடை பெரிது’ என்ற தொனிதான் இருக்கிறது. அலுவலகத்தில் இதைப் பயன்படுத்தும்போது இந்தத் தொனி கைகொடுக்கும்.

இன்றைய கப்பல்களுக்கும் இந்த வேறுபாடு உயிர் போகிற விஷயம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளைப் பாருங்கள். மூடுபனியில் இயந்திரக் கப்பல் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தால், 2 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும். நங்கூரம் போடாமலும் கரையில் கட்டாமலும் மிதக்கிறது, ஆனால் நகரவில்லை என்றால், சுமார் 2 விநாடி இடைவெளியில் இரண்டு நீண்ட ஊதல்கள். பயணத்தில் இருப்பது வேறு, நகர்வது வேறு என்பதைப் பனிக்குள் இருக்கும் அடுத்த கப்பலுக்குக் காதால் தெரியப்படுத்துகிறார்கள். ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்பதும் ‘வேலை நகர்ந்திருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல என்று நமக்கும் தெரியும். ஆங்கிலத்தில் முதலாவது ‘அண்டர் வே’. இரண்டாவது ‘மேக்கிங் ஹெட்வே’.

உச்சரிப்பும் எழுத்தும்

‘ஹெட்’ என்ற முதல் அசையில் அழுத்தம் கொடுங்கள். ‘வே’ தணிந்து வர வேண்டும். ‘ட்’ என்று எழுதினாலும் ஒலி ‘வண்டி’யில் வரும் ‘ட’ போல மென்மையாக இருக்க வேண்டும். ‘ஹெட்டுவே’ என்று நடுவில் உகரம் சேர்ப்பது நம்மிடம் சகஜம், அதைத் தவிருங்கள். எழுதும்போது ஒரே சொல்லாக, இடைவெளியோ சிறு கோடோ இல்லாமல் எழுத வேண்டும்.

எவ்வளவு நகர்ந்தது?

‘ஹெட்வே’ எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் ‘எ’ போடக் கூடாது. பின்னால் ‘ஸ்’ சேர்த்துப் பன்மை ஆக்கவும் கூடாது. அளவைச் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன. குறைவிலிருந்து கூடுதலுக்கு இப்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம்:

- நோ ஹெட்வே: துளியும் நகரவில்லை
- லிட்டில் ஹெட்வே: நகர்ந்ததாகச் சொல்ல முடியாது
- எ லிட்டில் ஹெட்வே: கொஞ்சூண்டு நகர்ந்தது
- சம் ஹெட்வே: ஓரளவு நகர்ந்தது
- ஸ்டெடி ஹெட்வே: மெதுவாக, ஆனால் விடாமல் நகர்கிறது
- கன்சிடரபிள் அல்லது சிக்னிஃபிகன்ட் ஹெட்வே: கணிசமாக நகர்ந்தது

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒரு ‘எ’தான் வித்தியாசம். பொருளோ தலைகீழ்.

*வீ மேட் லிட்டில் ஹெட்வே.*
எங்களால் ஏறக்குறைய ஒன்றும் முடியவில்லை. (குறைபட்டுக்கொள்வது)

*வீ மேட் எ லிட்டில் ஹெட்வே.*
கொஞ்சம் நகர்த்திவிட்டோம். (நம்பிக்கையோடு சொல்வது)

மூன்றாவதில் வரும் ‘எ’, ‘லிட்டில்’ என்பதோடு சேர்ந்தது, ‘ஹெட்வே’க்கு உரியதல்ல. அதனால் மேலே சொன்ன இலக்கண விதி உடையவில்லை. ‘எ லிட்டில்’ எழுத நினைத்து ‘எ’யை விட்டுவிட்டால், நல்ல செய்தி சொல்லப் போய்க் கையை விரித்ததாக ஆகிவிடும். சந்தேகம் வந்தால் ‘சம்’ போட்டுவிடுங்கள். அதில் குழப்பமே இல்லை.

‘மச்’ பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்மறையிலும் கேள்வியிலும் அது இயல்பாக வரும்: *வீ ஹேவ் நாட் மேட் மச் ஹெட்வே.* உடன்பாட்டு வாக்கியத்தில் ‘வீ மேட் மச் ஹெட்வே’ என்றால் காதில் உறுத்தும். அங்கே ‘எ லாட் ஆஃப்’ அல்லது ‘கன்சிடரபிள்’ போடுங்கள்.

பின்னால் எந்த ப்ரிபோசிஷன்?

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஐந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

*வித்*: கையில் இருக்கும் வேலை, சிக்கல், அல்லது மசியாத ஆள்.
*ஐ அம் நாட் மேக்கிங் எனி ஹெட்வே வித் திஸ் ரிப்போர்ட்.*
இந்த அறிக்கை நகரவே மாட்டேன் என்கிறது.

*ஆன்*: திட்டம், பிரச்சினை, கோரிக்கை.
*தி யூனியன் மேட் சம் ஹெட்வே ஆன் தி போனஸ் இஷ்யூ.*
போனஸ் விஷயத்தில் தொழிற்சங்கத்துக்கு ஓரளவு வெற்றி கிடைத்தது.

*இன்*: துறை, பேச்சுவார்த்தை, அல்லது ‘இங்’ விகுதியில் முடியும் வினை.
*டாக்டர்ஸ் ஹேவ் மேட் சிக்னிஃபிகன்ட் ஹெட்வே இன் ட்ரீட்டிங் தி டிஸீஸ்.*
அந்த நோய்க்குச் சிகிச்சை தருவதில் மருத்துவர்கள் கணிசமாக முன்னேறியிருக்கிறார்கள்.

*அகெய்ன்ஸ்ட்*: காற்று, நீரோட்டம், எதிரி, தீ. கடல் வாசனை இன்னும் போகாத பயன்பாடு இதுதான்.
*தி ஃபயர்ஃபைட்டர்ஸ் மேட் லிட்டில் ஹெட்வே அகெய்ன்ஸ்ட் தி பிளேஸ்.*
தீயணைப்பு வீரர்களால் தீயைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

*டுவர்ட்ஸ்*: சேர வேண்டிய இலக்கு.
*போத் சைட்ஸ் ஆர் மேக்கிங் ஹெட்வே டுவர்ட்ஸ் அன் அக்ரிமென்ட்.*
இரு தரப்பும் உடன்பாட்டை நெருங்கி வருகிறார்கள்.

வித், ஆன், இன் மூன்றும் பல இடங்களில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வரும். போலீஸ் விசாரணையைப் பற்றி எழுதும்போது மூன்றில் எதைப் போட்டாலும் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். மற்ற இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும்: ‘அகெய்ன்ஸ்ட்’ எதிர்ப்பதைக் காட்டும், ‘டுவர்ட்ஸ்’ இலக்கைக் காட்டும்.

எந்தக் காலத்தில் சொல்வது?

இதுவரை கிடைத்ததைச் சொல்ல ‘ஹேவ் மேட்’. இப்போது நகர்ந்துகொண்டிருந்தால் ‘ஆர் மேக்கிங்’. முடிந்துபோன கூட்டத்தையோ பேச்சையோ சொல்ல வெறும் ‘மேட்’. செய்திகளில் ‘தி டாக்ஸ் மேட் நோ ஹெட்வே’ என்று வந்தால், அந்தச் சுற்றுப் பேச்சு முடிந்துவிட்டது, பலன் இல்லை என்று பொருள். தமிழ்ப் பத்திரிகையாளர் இதையே ‘பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் இல்லை; இழுபறி நீடிக்கிறது’ என்று எழுதுவார்.

பக்கத்தில் நிற்கும் தொடர்கள்

*மேக் ப்ராக்ரஸ்*: எல்லா முன்னேற்றத்துக்கும் பொது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

*மேக் ஸ்ட்ரைட்ஸ்*: எட்டி எட்டி வைத்துப் போவது. பெரிய முன்னேற்றத்துக்கு மட்டும். நாடு, தொழில்நுட்பம், நோயிலிருந்து தேறுபவர் என்று இதைப் பேசுவார்கள்.

*மேக் இன்ரோட்ஸ்*: இன்னொருவர் வசம் இருந்த இடத்துக்குள் நுழைந்து பங்கு பிடிப்பது. சந்தை, வாக்கு வங்கி போன்றவற்றுக்கு. இதன் பின்னால் ‘இன்டு’ வரும். பன்மையில்தான் பெரும்பாலும் வழங்கும்.

*கெய்ன் கிரவுண்ட்*: போர்க்களத்தில் நிலம் பிடிப்பதிலிருந்து வந்தது. ஒரு கருத்தோ கட்சியோ ஆதரவு பெற்று வளர்ந்தால் சொல்வார்கள்.

*பிரேக்த்ரூ*: தடையே உடைந்துபோவது. ஹெட்வே என்றால் தடை இன்னும் இருக்கிறது; பிரேக்த்ரூ என்றால் அது தீர்ந்தது.

ஹெட்வேயின் உடன்பிறப்பான *லீவே* கடலைவிட்டு வந்து வேறு திசைக்குப் போய்விட்டது. இன்று ‘கிவ் சம் லீவே’ என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, சுதந்திரம் தருவது. ‘லீவே டு மேக் அப்’ என்று பிரிட்டிஷ்காரர்கள் சொன்னால், பின்தங்கிய தூரத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே சொல்லுக்கு இரண்டு முகம்; சூழலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

மின்னஞ்சலில் பயன்படுத்தும் முறை

இறக்குமதிச் சரக்கு ஒன்று சுங்கத்தில் நிற்கிறது. மேலாளர் தமிழில் கேட்கிறார். ஊழியர் தமிழில் சொல்கிறார்:

“என்னப்பா, அந்த கன்டெய்னர் வெளிய வந்துச்சா?”

“இன்னும் இல்ல சார். ஆனா கொஞ்சம் நகர்ந்திருக்கு. இன்வாய்ஸை ஒத்துக்கிட்டாங்க. இப்ப சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் கேக்குறாங்க. வியாழக்கிழமை கொடுத்துடுவோம்.”

இவ்வளவு தெளிவாகப் பேசிய அதே ஊழியர், மின்னஞ்சலில் *வீ ஆர் மேக்கிங் ஹெட்வே* என்று ஒரே வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார். படிப்பவருக்கு அது மழுப்பலாகப் படும். எவ்வளவு தூரம்? யாரிடம்? அடுத்தது என்ன? மூன்றுக்கும் பதில் இல்லை. ‘ஹெட்வே’ என்றாலே ஏதோ தடுக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. எது என்று சொல்லாவிட்டால் மேலாளர் திரும்பக் கேட்கத்தான் செய்வார்.

தமிழில் சொன்னதையே ஆங்கிலத்தில் போட்டால் போதும்:

*வீ ஹேவ் மேட் சம் ஹெட்வே வித் கஸ்டம்ஸ். தே ஹேவ் அக்செப்டெட் தி இன்வாய்ஸ், பட் தே ஸ்டில் நீட் தி சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின். வீ வில் சப்மிட் இட் ஆன் தர்ஸ்டே.*

முதல் வரியில் அளவும் யாரிடம் என்பதும். இரண்டாவதில் கிடைத்ததும் மிச்சம் இருக்கும் தடையும். மூன்றாவதில் அடுத்த வேலையும் நாளும். இந்த மூன்று வரி அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால், எந்த நிலவர அறிக்கையிலும் ‘ஹெட்வே’யைத் துணிந்து போடலாம்.

கெட்ட செய்தி சொல்லவும் இதே அமைப்பு உதவும்:

*வீ ஹேவ் மேட் நோ ஹெட்வே வித் தி பேங்க் திஸ் வீக். தி மேனேஜர் வில் நாட் ரிலீஸ் தி லோன் வித்தவுட் எ ஷ்யூரிட்டி. கேன் வீ மீட் டுமாரோ டு டிஸ்கஸ் ஹூ கேன் ஸ்டாண்ட்?*
இந்த வாரம் வங்கியிடம் காரியம் ஆகவில்லை. ஜாமீன் இல்லாமல் கடனை விடுவிக்க மாட்டேன் என்கிறார் மேலாளர். யாரை நிறுத்தலாம் என்று நாளை உட்கார்ந்து பேசலாமா?

நேர்முகத் தேர்விலும் இதற்கு இடம் உண்டு. ‘கடினமான சூழ்நிலையை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டால், முதலில் தடையைச் சொல்லி, பிறகு *வீ பிகேன் டு மேக் ஹெட்வே ஒன்ஸ்…* என்று தொடங்குங்கள். ‘ஒன்ஸ்’ என்பதற்குப் பின் நீங்கள் செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர் எதிர்பார்ப்பது அந்தப் பாதியைத்தான்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

ரயில், மெட்ரோ, பேருந்து பற்றிய செய்திகளில் ‘ஹெட்வே’ வந்தால் ஒரு வண்டிக்கும் அதே தடத்தில் அடுத்து வரும் வண்டிக்கும் உள்ள நேர இடைவெளி என்று பொருள். *எ ஹெட்வே ஆஃப் ஃபைவ் மினிட்ஸ்* என்றால் 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி. இந்தத் தொழில்நுட்பப் பொருளில் மட்டும் ‘எ’யும் வரும், பன்மையும் வரும். ‘மேக்’ பக்கத்தில் இல்லையென்றால் இந்தப் பொருளா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் கற்பவர்கள் கையில் ‘ஹெட்வே’ என்ற பெயரில் ஒரு பாடநூல் வரிசையும் இருக்கும். ஜான் சோர்ஸ், லிஸ் சோர்ஸ் இருவரும் எழுதி 1986 முதல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டு வருவது அது. அந்நிய மொழியோடு மல்லுக்கட்டுபவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- ‘வீ மேட் எ குட் ஹெட்வே’: ‘எ’ வேண்டாம். *வீ மேட் குட் ஹெட்வே.*
- ‘வீ டிட் ஹெட்வே’: ‘டூ’ சேராது, ‘மேக்’தான்.
- ‘மெனி ஹெட்வேஸ்’: பன்மை கிடையாது. *எ லாட் ஆஃப் ஹெட்வே.*
- ‘ஹெட்வே இன்டு தி மார்க்கெட்’: ‘இன்டு’ வந்தால் அது ‘இன்ரோட்ஸ்’.
- ‘மை டாட்டர் இஸ் மேக்கிங் ஹெட்வே இன் டான்ஸ்’: இலக்கணம் சரி. ஆனால் குழந்தை சிரமப்பட்டுக் கற்கிறாள் என்ற சாயல் வந்துவிடும். சுலபமாகக் கற்கிறாள் என்றால் ‘ப்ராக்ரஸ்’ போடுங்கள்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தி போட் குட் நாட் மேக் ஹெட்வே ____ தி கரன்ட்.
2. வீ ஆர் மேக்கிங் ஹெட்வே ____ எ செட்டில்மென்ட்.
3. ஐ ஹேவ் நாட் மேட் மச் ஹெட்வே ____ மை தீசிஸ்.

ஆ. ‘ஹெட்வே’யா, வேறு தொடரா?
4. போட்டி நிறுவனத்தின் சந்தைக்குள் நுழைந்து கொஞ்சம் பங்கு பிடித்துவிட்டோம்.
5. வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்க ஒப்புக்கொள்ளவில்லை; எத்தனை பேசியும் பலன் இல்லை.
6. பத்து வருடப் பங்காளித் தகராறு நேற்று ஒரே பேச்சில் தீர்ந்துபோனது.

விடைகள்

1. அகெய்ன்ஸ்ட். நீரோட்டம் எதிர்க்கிறது.
2. டுவர்ட்ஸ். செட்டில்மென்ட் என்பது இலக்கு.
3. வித் அல்லது ஆன்.
4. மேக் இன்ரோட்ஸ். *வீ ஹேவ் மேட் சம் இன்ரோட்ஸ் இன்டு தேர் மார்க்கெட்.*
5. ஹெட்வே. *ஐ மேட் நோ ஹெட்வே வித் தி லேண்ட்லார்ட் ஓவர் தி ரென்ட்.* எதைப் பற்றிய பேச்சு என்பதை ‘ஓவர்’ காட்டுகிறது.
6. பிரேக்த்ரூ. தடையே உடைந்துவிட்டதால் ஹெட்வே போதாது.

ஆறும் சரியாக வந்தால், இந்த வாரம் நீங்கள் அனுப்பப்போகும் நிலவர மின்னஞ்சல்களில் இழுபறியான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அளவு, தடை, அடுத்த வேலை என்ற மூன்று வரியில் அதை எழுதி, ‘எ’யும் ‘ஸ்’ஸும் தவறி நுழைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.